ரேடியேட்டரில் புதுத் தண்ணீர்

ஆடி 9, புதன்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணி எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. கமலம் அக்கா கொண்டுவந்து கொடுத்தாள். "வேலைக்கு ஆர்டர் வந்துச்சா?" வரவில்லை. "சரி, கல்யாண ஆர்டராவது வரட்டும்." சிரித்துவைத்தேன்.

மத்தியானம் அப்பா நடந்து வந்தார். அப்பா தெருவில் நடந்து வந்து நான் பார்த்ததில்லை. இடது கை முழங்கைவரை நீலம். முதலில் ஒன்றும் புரியவில்லை. வெந்த கைமேல் யாரோ மசியை ஊற்றியிருக்கிறார்கள்.

காவிரிப் பாலத்தின் நடுவில் எங்கள் வாடகைக் கார் கொதித்து நின்றுவிட்டதாம். சூடு காட்டும் முள் ஏறியதைப் பார்த்தும், பாலத்தைத் தாண்டிவிடலாம் என்று ஓட்டியிருக்கிறார். பின்னால் பஸ்காரன் விடாமல் ஹாரன். பதற்றத்தில் இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். ஆவி அடித்துவிட்டது. சவாரி வந்த குமாஸ்தாதான் எரிச்சல் அடங்கட்டும் என்று தன் பேனா மசியை ஊற்றினாராம்.

அம்மா அழவில்லை. ஜட்கா வைத்து ஆஸ்பத்திரிக்கு. கட்டு. கையை அசைக்கக் கூடாது.

கார் சாயங்காலம் ஒரு லாரியின் பின்னால் கயிற்றில் வந்தது. பக்கத்துக் கீற்றுக் கொட்டகையில் விட்டுப் போனார்கள். அப்பா ஜன்னல் வழியாகக்கூட அதைப் பார்க்கவில்லை.

ஆடி 10, வியாழன்

தரகர் நடேசன் காலையிலேயே வந்துவிட்டார். செய்தி எப்படித்தான் போகிறதோ. அப்பாவின் கையைப் பார்த்து 'அடடா' என்றவர், அதே மூச்சில் காரைச் சுற்றி வந்தார்.

"இன்ஜினே போச்சுண்ணே. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நான் எடுத்துக்கறேன்."

அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஆடியில எதையும் வாங்க மாட்டேன். ஆனா பதினெட்டாம் பெருக்கு நல்ல நாளு. அன்னைக்குக் காலையில வந்து ஓட்டிக்கிட்டு, இல்ல இழுத்துக்கிட்டுப் போறேன். கை ஆறினதும் நீங்களே ஓட்டுங்க. மாசச் சம்பளம். வண்டி உங்ககிட்டயே இருக்கற மாதிரிதான்."

இருக்கிற மாதிரி.

கிளீனராக ஏறி, லாரி ஓட்டி, முதலாளி மாற்றி முதலாளி மாற்றி ஓட்டி, கடைசியில் வாங்கிய கார். அதை எண்ணெய்த் துணியால் துடைக்கக்கூட வேறு யாரையும் விடமாட்டார். என்னைக் காலேஜ் சேர்த்த அன்று பின் சீட்டில் உட்காரவைத்து, "இன்னைக்கு நீதான் சவாரி" என்றார்.

அப்பா கடைசியில் சொன்னது: "பெருக்குக்குள்ள ஓடிச்சுன்னா இல்ல. ஓடலேன்னா எடுத்துக்குங்க."

ஒர்க்‌ஷாப்பில் அம்மா போய்க் கேட்டாள். கொட்டகை நிறைய லாரிகளாம். "பதினெட்டு முடிஞ்சு வாங்கம்மா." எல்லோருக்கும் பதினெட்டு.

மாலையில் காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். டாஷ்போர்டுப் பெட்டியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஆங்கிலப் புத்தகம். காருடன் வந்தது. யாரும் படித்ததில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு மட்டும் வைப்போம். அட்டை முழுக்கச் சந்தனம்.

படித்தேன். பத்தாவது அத்தியாயம், குளிரூட்டும் முறை. காலேஜில் படித்த அதே வெப்பம்தான். அங்கே பீக்கரில் இருந்தது, இங்கே காரில் இருக்கிறது.

தண்ணீர் ஊற்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ரேடியேட்டர் மேல் கையை வைத்துப் பார்த்தேன். மேலே சூடு. நடுவில் அங்கங்கே சில்லென்று. கீழே பச்சைத் தண்ணீர். குழாய்கள் அடைத்திருக்கின்றன. சூடான தண்ணீர் இறங்கவே இல்லை. இன்ஜின் போகவில்லை. நடேசனுக்குத் தெரியாது, அல்லது தெரியும்.

"யாரது வண்டியைக் கிளப்பறது?" என்று உள்ளிருந்து அப்பா.

"நான்தாம்ப்பா."

ஜன்னல் கதவைச் சாத்தும் சத்தம்.

ஆடி 11, வெள்ளி

அம்மன் கோயில் கூழ் வாங்கி வந்ததும் வேலை.

அம்மாவிடம் சொன்னேன். கார் அடியில் படுக்க வேண்டியிருக்கும் என்றதும் வாசலைப் பார்த்தாள். அடுத்த வாரம் லால்குடியிலிருந்து யாரோ பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. "யார் கண்ணுலயாவது பட்டா?" உள்ளே போனாள். முடிந்தது என்று நினைத்தேன். நான்கு பழைய புடவையோடு திரும்பி வந்தாள். கொட்டகையின் கம்புகளில் சுற்றிக் கட்டினாள். ஒரு அறை மாதிரி ஆகிவிட்டது. உள்ளே கத்தரிப்பூ நிற வெளிச்சம்.

அப்பா வந்து புடவையை விலக்கி எட்டிப் பார்த்தார். "பி.எஸ்ஸி. படிச்சது இதுக்குத்தானா?"

வெப்பம் என்று ஒரு பாடம் முழுக்க இதுதானே என்று சொல்ல வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போனதும் படுத்துவிட்டேன்.

செய்த வரிசை (மறந்துவிடாமல் இருக்க):
கீழே உள்ள குழாய்த் திருகைத் திறந்து தண்ணீரை வடிக்க.
மேல் ரப்பர் குழாய், கீழ் ரப்பர் குழாய். கிளிப் துரு. மண்ணெண்ணெய் விட்டு ஊறவிட.
பக்கத்துக்கு இரண்டு போல்ட்.
மின்விசிறித் தகடு ரே.மேல் படாமல் நேராக மேலே தூக்க. (ஒவ்வொரு முறையும் ரேடியேட்டர் என்று எழுத முடியாது.)

அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கிவிட்டோம். அம்மா மூச்சு வாங்க, "கல்யாண அண்டா தேவலை" என்றாள்.

வடிந்த தண்ணீர் பழுப்பு. ரே.வைக் கவிழ்த்துத் தட்டினேன். சேறு. கட்டி கட்டியாக. அதன் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு பிசின்.

அம்மா குனிந்து மோந்து பார்த்தாள். "நம்ம மஞ்சத்தூளு."

இரண்டு வருஷம் முன்பு ரே. ஒழுகியபோது அப்பா சமையற்கட்டில் வந்து மஞ்சள்தூள் டப்பாவைக் கேட்டாராம். ஓட்டையை அடைக்குமாம். அடைத்தும் இருக்கிறது. எல்லாவற்றையும்.

சேறு?

"வருஷா வருஷம் பெருக்குக்கு முதல் தண்ணி அதுக்குத்தானே ஊத்துவாரு. நமக்குக்கூட அப்புறம்தான்."

நானும் பார்த்திருக்கிறேன். சிறு பிள்ளையிலிருந்து. ஆடி பதினெட்டுக் காலையில் அப்பா கையில் அம்மாமண்டபப் படித்துறையிலிருந்து ஒரு சொம்பு, வெல்லத் தண்ணீர் நிறத்தில் புது வெள்ளம். மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார். வயலுக்குப் போகிற தண்ணீர் வண்டிக்கும் போகட்டும் என்பார். அதில் சேறும் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சேற்றைப் பேசினில் வைத்திருந்தேன். அப்பா எப்போது வந்தாரோ. வலது கை விரலில் ஒரு துளி எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"வண்டல்," என்றார். போய்விட்டார்.

அம்மா அதைக் கொண்டுபோய் வாழைக்கு அடியில் கொட்டினாள்.

ஆடி 12, சனி

இன்று எழுதும்போதே தோள் வலிக்கிறது. தூக்கியதால்.

ஆற்றுக்கு அந்தப்புறம் பாலக்கரைப் பக்கம் பழைய மோட்டார் சாமான் கடைகள். அம்மா பணம் கொடுத்தாள், எங்கிருந்து என்று கேட்கவில்லை. கூட வரட்டுமா என்றாள். அப்பாவுக்கு ஒரு கைதான், அவரைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனேன். பஸ் முழுக்க மனதுக்குள் ஒத்திகை. 'ரேடியேட்டர் ஒண்ணு வேணும்.' 'ரேடியேட்டர் ஒண்ணு வேணுங்க.'

கடையில் நாலைந்து ஆண்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கடைக்காரர் கொடுத்தனுப்பினார். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா, வழி தெரியலையா? சத்திரம் பஸ் ஸ்டாண்டு அப்படிப் போகணும்."

"ரேடியேட்டர்" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"யாருக்கு?"

"காருக்கு."

சிரித்தார்கள். பரவாயில்லை. சிரித்த பிறகு கேட்கத் தொடங்கினார்கள். என்ன வண்டி, என்ன மாடல். புத்தகத்தில் பார்த்து வைத்திருந்தேன், சொன்னேன். உள்ளேயிருந்து ஒன்றை உருட்டி வந்தார்.

"புதுசு மாதிரி இருக்கும்மா. எடுத்துட்டுப் போ."

கீழ்த் துவாரத்தைத் துணியால் அடைத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னேன். "ஒழுகாதும்மா." ஊற்றுங்கள் என்றேன். ஊற்றினார். ஓரத்தில் சொட்டு. அதை நகர்த்திவிட்டு இன்னொன்று எடுத்து வந்தார். அது ஒழுகவில்லை. அடைப்பைப் பிடுங்கியதும் தண்ணீர் தடையில்லாமல் கொட்டியது. என் செருப்பெல்லாம் நனைந்தது.

"எந்த ஒர்க்‌ஷாப்பும்மா நீங்க?"

நீங்க ஆகிவிட்டது.

வாங்கியவை: ரே. ஒன்று, மேல் கீழ் ரப்பர் குழாய், கிளிப்புகள், மின்விசிறி பெல்ட், பேக்கிங் தாள் (மூடி ஒழுகாமல் இருக்க).

புடவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துப் பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தான்.

"என்னம்மா அது, ஆர்மோனியமா?"

தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

"கச்சேரியா?"

பக்கத்து அம்மாள், "ஒரு பாட்டுப் பாடேன், பாலம் வரைக்கும் பொழுது போகும்" என்றாள். அதற்குள் துணியிலிருந்து மிச்சத் தண்ணீர் அவள் காலில் சொட்டியது. எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டான்.

பாலத்தில் கார் நின்ற இடம் எது என்று பார்த்தேன். அப்பா சொல்லவில்லை. நடுவில் என்றார்.

ஆடி 13, ஞாயிறு

ரே. மாட்டுமுன் இன்ஜினுக்குள் இருக்கும் சேற்றையும் கழுவ வேண்டும். கீழ்த் துவாரத்தில் குழாயை வைத்து, கிணற்றுத் தண்ணீர் இறைத்து இறைத்து விட்டோம். இன்ஜினிலிருந்து தண்ணீர் வெளியே வரும் வாயில் இருக்கும் தெர்மோஸ்டாட்டை முதலில் கழற்றச் சொல்லியிருக்கிறது புத்தகம். அந்த மூடியின் நட்டு அசையவில்லை. மணி ஆகிறது. விட்டுவிட்டேன்.

கமலம் அக்கா வெளியிலிருந்து குரல்: "என்ன, பந்தல் கட்டித் தண்ணியா கொட்டறீங்க. யாருக்கு மஞ்ச நீரு?"

அம்மா: "வண்டிக்கு!"

கமலம் அக்கா சிரித்துக்கொண்டே போனாள். உண்மை என்று தெரியாது.

ஆடி 14, திங்கள்

மாட்டியாயிற்று. போல்ட்டெல்லாம் சரி. கீழ் ரப்பர் குழாயில் சொட்டு. கிளிப்பை முடுக்கினேன். சொட்டு. கழற்றி, உலோகக் கழுத்தின் துருவைச் சுரண்டி, மறுபடி மாட்டினேன். நின்றது. நகம் ஒன்று போயிற்று. நகத்தைத் தேடவில்லை.

புடவையில் கிரீஸ். அம்மா பார்த்து, "இது பழசுதான்" என்றாள். அது பழசு இல்லை.

ஆடி 15, செவ்வாய்

ஓட்டிப் பார்த்தேன். அதாவது நின்ற இடத்தில். முதலில் நன்றாக இருந்தது. அம்மா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். முள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அணைத்தேன். உள்ளே கொதிக்கிற சத்தம். மூடியைத் தொடவில்லை.

அப்பா கதவருகில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார். "போதும் சரசு. நல்லா செஞ்சே. போதும்."

சட்டையை ஒரு கையால் மாட்டிக்கொண்டு வெளியே போனார். நடேசனிடம் சொல்லத்தான் என்று அம்மா சொன்னாள்.

சாப்பிடவில்லை. அழுதேனா, ஆமாம், கொஞ்சம். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. கொதித்தபோது மேல் ரப்பர் குழாயைத் தொட்டேன். பச்சைத் தண்ணீராக இருந்தது. போன வியாழன் அங்கே சூடு. இன்று இல்லை. அப்படியானால் சூட்டுத் தண்ணீர் இன்ஜினை விட்டு வெளியேறவே இல்லை. வழியில் இருப்பது ஒன்றே ஒன்று.

தெர்மோஸ்டாட். நான் கழற்றாமல் விட்ட நட்டு.

ஆடி 16, புதன்

நட்டைக் கழற்றிவிட்டேன். மண்ணெண்ணெய், ஸ்பானர், அதன் வாலில் ஒரு உலக்கை. அம்மாவும் நானும் உலக்கையில் தொங்கினோம்.

தெர்மோஸ்டாட் சின்னப் பித்தளைக் கதவு. சூடானால் திறந்து தண்ணீரை விட வேண்டும். மூடிய வாயில் சேறு கட்டியாக இறுகியிருந்தது. ஞாயிறன்று நான் அடித்த தண்ணீர்தான் சேற்றையெல்லாம் கொண்டுபோய் அங்கே திணித்திருக்கிறது. நானேதான்.

அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "பித்தளை தானே. கொடு." புளி போட்டு, சாம்பல் போட்டு, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். பளபளவென்று வந்தது.

பிறகு சோதனை. சோற்றுப் பானையில் தண்ணீர், நூலில் கட்டிய தெர்மோஸ்டாட், பானையின் அடியைத் தொடாமல். தெர்மாமீட்டர் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தோம். சிறு குமிழி வந்தது. ஒன்றும் இல்லை. அம்மா, "அரிசியாவது போட்டிருக்கலாம்" என்றாள். கொதி வருவதற்குச் சற்று முன்னால் கதவு மெல்ல நகர்ந்தது. ஒரு காசு நுழையும் அளவு. வெளியே எடுத்ததும் தானாக மூடிக்கொண்டது. மறுபடி போட்டோம். மறுபடி திறந்தது.

அப்பா சமையற்கட்டு வாசலில். "என்ன சமையல்?"

"உங்க வண்டிதான்," என்றாள் அம்மா.

அப்பா நின்றார். பானைக்குள் பார்த்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டுக் காட்டினேன். திறந்தது. போய் மூக்குக் கண்ணாடியோடு திரும்பி வந்தார்.

ஆடி 17, வியாழன்

காற்று நின்றது. புழுக்கம்.

தெர்மோஸ்டாட் கழுவி விட்ட பிறகு இன்ஜினையும் மறுபடி கழுவினேன், இந்த முறை வழி திறந்திருக்க. தெளிந்த தண்ணீர் வரும்வரை. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு, பேக்கிங் தாளை அதன் மூடியின் வடிவத்துக்கு வெட்டி வைத்து முடுக்கினேன். புது பெல்ட். கிணற்றுத் தண்ணீர், காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டியது. 'குழந்தைக்குக்கூட இவ்வளவு இல்ல' என்று அம்மா.

கிளப்பினேன். முள் பாதிக்கு வந்தது. நின்றது. வெகுநேரம் பார்த்தேன். அங்கேயே நின்றது.

அப்பா வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். வலது கை நன்றாக இருக்கிறது. இடது கையில் கட்டு. கியரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் வந்து உக்காரு. நான் சொல்றப்ப போடு."

தெருக்கோடிவரை போய் வந்தோம். ஒன்று, இரண்டு. இரண்டாவது முறை கியர் நரநரவென்று கத்தியது. அப்பா முகத்தைச் சுளித்தார், ஆனால் திட்டவில்லை. அவருக்குப் பல்தான் கூசியிருக்கும்.

புடவைகளை அவிழ்த்துவிட்டோம். எல்லாவற்றையும் கமலம் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். "அடிப்பாவி, நீயா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நடேசனிடம் சொல்லிவிட்டீர்களா என்று அம்மா அப்பாவைக் கேட்டாள். "பெருக்கன்னைக்கு வாங்கன்னுதான் சொன்னேன். வரட்டும்."

எனக்கு வேறு கவலை. நாளை சொம்பு.

ஆடி 18, வெள்ளி

விடியும்போதே தெருவெல்லாம் ஆட்கள், படித்துறையை நோக்கி. அம்மா புளிச்சோறு, தேங்காய்ச்சோறு கட்டினாள். புது மஞ்சள் கயிறு.

நான் கொட்டகையில் நின்றேன். குளித்துவிட்டு, நல்ல புடவையோடு, காரின் மூக்கருகில். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

அப்பா ஈர வேட்டியோடு வந்தார். வலது கையில் சொம்பு. வெல்லத் தண்ணீர் நிறம். பானெட்டைத் திறக்க இடது கை வராது. "தூக்கு" என்றார்.

தூக்கினேன். மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"உள்ளே ஊத்தாதீங்கப்பா."

குரல் பெரிதாக வந்துவிட்டது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"எத்தனை வருஷமா ஊத்தறேன்."

"தெரியும்ப்பா."

"காவிரித் தண்ணிடி."

"தெரியும்."

கையை எடுக்கவில்லை. அவரும் சொம்பை இறக்கவில்லை. வாழையடியில் அந்தச் சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. அப்பா அதைப் பார்த்தார்.

அம்மா பின்னாலிருந்து, "தலையில ஊத்தினாத்தானா? காலுக்கு ஊத்துங்க. அதுக்கு நாலு கால் இருக்கு."

அப்பா குனிந்தார். முன் சக்கரம் இரண்டு, பின் சக்கரம் இரண்டு. சுற்றி வந்து, ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு. சொம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் டயரில் தட்டினார். அம்மா மிச்சமிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து ரே. மூடியில் இறுக்கி முடிபோட்டாள். "இனிமே திறக்கணும்னா இதை அவுக்கணும். அவுக்கறதுக்குள்ள ஆறிடும்."

நடேசன் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். கூட இழுக்க ஒரு ஆளும் கயிறும்.

"ஏறுங்க நடேசன்," என்றார் அப்பா.

"எங்கண்ணே?"

"ஏறுங்க சொல்றேன்."

தட்டோடு பின் சீட்டில் ஏறினார். அம்மாவும் சோற்று மூட்டையோடு அவர் பக்கத்தில். நான் முன்னால், இடது பக்கம். கயிற்று ஆள் தெருவிலேயே நின்றான்.

பாலம் முழுக்க ஜனம். ஜட்கா, மாட்டு வண்டி, சைக்கிள், தலையில் முளைப்பாரி வைத்த பெண்கள். ஊர்ந்தோம். இந்த மாதிரி ஊர்ந்துதான் அன்று கொதித்தது. ஒன்று. இரண்டு. மறுபடி ஒன்று. கீழே ஆறு கரை தொட்டு ஓடியது.

"பொண்ணா கியர் போடுது?" என்றார் நடேசன்.

"ரேடியேட்டர் போட்டதும் அவதான்," என்றார் அப்பா, திரும்பாமல்.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அப்பா தோளை உயர்த்தினார். முன்னால் மாட்டு வண்டி அப்படியே நின்றுவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பாலத்தின் நடு.

"முள்ளு எங்க இருக்கு?" அவர் பார்க்கவில்லை. என்னைக் கேட்டார்.

"பாதியில."

"இப்ப?"

"பாதியிலதாம்ப்பா."

மாட்டு வண்டி நகர்ந்தது. நடேசன் தட்டை மடியிலிருந்து எடுத்து சீட்டில் வைத்தார். அம்மா அவருக்கு ஒரு உருண்டை புளிச்சோறு கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்.

"உங்களைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்," என்றார் அப்பா. "அங்க எனக்குச் சவாரி நிக்கும்."

பாலம் இறங்கியது. முன்னால் ரோடு காலி. அப்பாவின் கால் கிளட்சை மிதித்தது. "மூணு" என்று வாயெடுத்தார். போட்டுவிட்டிருந்தேன்.